தோரேயாவின் வாலில் ஒரு வாளி

மருயா வாய்க்காரி. வையோரே ஊரில் யாரை நிறுத்திக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். போதகரின் பிரசங்கம் கொஞ்சம் நீண்டுவிட்டால் போதும், கோயில் வாசலிலேயே அவரை மறித்து, "இன்னிக்கு ஆண்டவரே கொட்டாவி விட்டுட்டாரு போதகரய்யா" என்பாள். மனசில் ஒன்று வாயில் ஒன்று என்பதெல்லாம் அவளிடம் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் ஒரு விஷயத்தை மாதக்கணக்கில் வயிற்றுக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் வைத்திருந்தாள். அதனால் ஒரு நல்ல மனுஷனின் இடம் போயிற்று.

எல்லாம் அந்த கம்ப்ரசரால் வந்த வினை. அவளுடைய சித்தி மகன் திஹோத்திதான் தஹா தீவின் இந்தப் பக்கத்துக்கு ஒரே ஃபைபர் பெயிண்டர். நியூ கலிடோனியாவில் நிக்கல் சுரங்க வேலை கிடைத்ததும், கம்ப்ரசரையும் ஸ்பிரே கன்னையும் கொண்டுவந்து மருயாவின் மாமரத்தடியில் இறக்கி, "துருப்பிடிக்காம பாத்துக்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டான். மருயா அதைப் பார்த்துக்கொள்கிற ஆளா? கை சும்மா இருக்குமா? காலையில் வெனிலாத் தோட்டத்தில் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைக்கிற வேலை அவளுக்கு. நடுப்பகலுக்குள் அது முடிந்துவிடும். புருஷன் ரூபென் சரக்குக் கப்பலில் போனால் இரண்டு வாரம் கழித்துத்தான் வீடு திரும்புவான். மீதிப் பொழுது முழுக்க அந்த கம்ப்ரசர் அவளையே முறைத்துக்கொண்டிருந்தது.

முதலில் ரூபெனின் ஸ்கூட்டர் மட்கார்டில் கை வைத்தாள். பெயிண்ட் மெழுகுவத்தி மாதிரி வழிந்து கீழே கட்டி தொங்கியது. "கன்னை கிட்ட வெச்சு அடிச்சிருப்ப, தள்ளி நின்னு அடி" என்றான் திஹோத்தி போனில். தள்ளி நின்று அடித்தாள், ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரவென்று காய்ந்தது. விடிகாலையில் அடித்தாள், ஈரக்காற்றில் வெள்ளை பூத்தது. சாயங்காலம் அடித்தாள், கொசு வந்து ஒட்டிக்கொண்டது. கடைசியில் தரைக்குத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, காற்று விழுகிற பிற்பகல் வேளையில் நிறுத்தாமல் கையை ஓட்டக் கற்றுக்கொண்டாள். மீன்காரியின் ஐஸ் பெட்டி, பள்ளிக்கூட லாரியின் பானெட் என்று ஒவ்வொன்றாக வந்தது. சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒரு ஃபைபர் சுறாவைக் கொண்டுவந்து, பயமாக இருக்கக் கூடாது, ஆனால் சுறாவாகத் தெரியவேண்டும் என்றார். மருயா அதற்கு நீலமடித்துச் சிரிக்க வைத்தாள். தீவே போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

அதைப் பார்த்துத்தான் ஓடக் குழுவின் தலைவர் தேமானா வந்தார்.

"மருயா, புது ஓடம் வந்திருக்கு. பெயிண்ட் இல்லாமதான் வாங்கினோம். நீ அடிக்கிறியா?"

"பந்தய ஓடத்தையா? நானா?"

"ஏன், சுறா சிரிக்கலாம், ஓடம் சிரிக்கக் கூடாதா?"

இந்தக் கரையில் ஆறுபேர் ஓடத்துக்கு ஒரு பெண் பெயிண்ட் அடித்ததில்லை. மருயாவுக்குத் தலை கால் புரியவில்லை. மறுநாளே ஆறு ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து மாமரத்தடியில் முக்காலிகள் மேல் வைத்தார்கள். தோரேயா என்று பெயர் வைத்திருந்தார்கள், கடற்கரையில் ஓடுகிற அந்தச் சின்னப் பறவையின் பெயர். அச்சிலிருந்து எடுத்து வாரம்கூட ஆகாத ஓடம், முட்டைக்குள்ளிருந்து வந்ததுபோல் வெளுப்பாகப் பளபளத்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்து, "ஆகா, எவ்வளவு சுத்தம்" என்று மகிழ்ந்தாள் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

பிரைமர் அடித்த சற்று நேரத்தில் அது ஓடத்தின் மேல் நிற்காமல் வட்ட வட்டமாக விலகி ஓடியது. உடம்பெல்லாம் மீன் கண்கள். பதறிப்போய் திஹோத்தியைக் கூப்பிட்டாள்.

"மெழுகைக் கழுவினியாக்கா?"

"மெழுகா? எந்த மெழுகு?"

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "அச்சுல ஒட்டாம வர்றதுக்கு மெழுகு தடவித்தான் வார்ப்பாங்க. அதைக் கழுவாம அடிச்சா பெயிண்ட் எங்க நிக்கும்? எண்ணெய் சட்டியில தண்ணி நிக்குமா? எல்லாத்தையும் தேய்ச்செடு. கையால தேய், மெஷின் வேணாம்."

கையால் தேய்க்க அவளுக்குப் பொறுமை ஏது? லாரிக்காரனிடம் தேய்ப்பு மெஷினை இரவல் வாங்கினாள். மூக்கிலிருந்து ஆரம்பித்து வால்வரை அருமையாக வந்தாள். வாலின் வளைவில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டுப் பன்றி வந்து பெயிண்ட் படக் கூடாத இடங்களில் ஒட்ட அவள் வைத்திருந்த காகிதச் சுருளைக் கவ்விக்கொண்டு இழுத்தது. வாய்க்காரி இல்லையா, திட்டாமல் விடமுடியுமா? "ஏய் எருமை, உன்னைக் குழியில போட்டு வேகவைக்கிறேன் இரு!" என்று திரும்பி நின்று நன்றாகத் திட்டினாள். வாய் பன்றியிடம் இருந்தது, கை மெஷினோடு ஓடத்திலேயே இருந்தது. திரும்பிப் பார்த்தபோது உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. உள்ளே இருட்டு தெரிந்தது.

அப்போதே தேமானாவிடம் ஓடியிருந்தால் கதையே இல்லை. ஆனால் ஊரே வந்து தட்டிக்கொடுத்துவிட்டுப் போன முதுகு அவளுடையது. போய்ச் சொல்ல வெட்கமாக இருந்தது. வெளியிலிருந்து ரெசின் பசை தடவி ஃபைபர் துணி ஒட்டினாள். உள்ளேயிருந்தும் ஒட்ட வேண்டும், ஆனால் வால் பக்கம் முழுக்க மூடிய கூடு. கடைசி இருக்கைக்குப் பின்னால் ஒரு வட்ட மூடி மட்டும் உண்டு, அதன் வழியே தோள்வரை கை விட்டாலும் வால்முனை எட்டவில்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். மாமரக் கிளையில் கயிறு போட்டு ஓடத்தின் மூக்கைத் தூக்கி நிறுத்தினால், மூடி வழியாக ரெசினை ஊற்றலாம், அது தானாக வாலுக்கு ஓடி ஓட்டையை அடைத்துவிடும்.

ஒரு குவளை போதும். ஆனால் அந்தக் கடைசி இருக்கையில் உட்கார்ந்து சுக்கான் துடுப்புப் போடுகிறவர் யார்? அவள் அக்கா தெயூராவின் புருஷன் புனுவா. தீவு விட்டுத் தீவு தாண்டும் பந்தயம், ஆழ்கடல். நடுக்கடலில் ஒட்டு விட்டுப்போனால் முதலில் தண்ணீருக்குள் போவது அத்தான். அதை நினைத்ததும் இன்னொரு குவளை ஊற்றினாள். இன்னும் ஒன்று இருக்கட்டும் என்று ஊற்றினாள். அப்புறம் வாளியை அப்படியே கவிழ்த்துவிட்டாள். ரெசின் இறுகும்போது கொதித்துப் புகைந்தது. வெளிப்பக்கம் குழாயால் தண்ணீர் பீய்ச்சி, "ஆண்டவரே தீப்பிடிக்காம காப்பாத்து" என்று அழுதாள். தீப்பிடிக்கவில்லை. கல் மாதிரி இறுகிவிட்டது.

அதற்குமேல் பட்டி பார்த்துத் தேய்த்தாள். பள்ளம் தெரிந்தது, மறுபடியும் பட்டி, மறுபடியும் தேய்ப்பு. பிறகு கருப்பும் பழுப்பும் வெள்ளையுமாகப் பறவையின் சிறகை இரண்டு பக்கமும் விரித்து விட்டாள். ஓட்டை இருந்த இடத்தில் வால் இறகு வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு ஓடத்தை யாரும் பார்த்ததில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டாள்.

தண்ணீரில் இறக்குகிற நாளில் போதகர் ஜெபம் பண்ணினார். ஓடத்தின் மூக்கில் பூமாலை போட்டார்கள். வால் பக்கம் தூக்கிய இரண்டு பேர் முகம் சிவந்து மூச்சு வாங்கியதை மருயா பார்த்தாள். அவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஓடம் கனக்கிறது என்று எவன் சொல்வான்? சொன்னால் வருஷம் முழுக்க, "அம்மாகிட்ட பால் குடிச்சிட்டு வாடா" என்று ஓட்டித் தள்ளிவிடுவார்களே. ஆறுபேரும் ஏறி உட்கார்ந்தார்கள். தோரேயாவின் மூக்கு வானம் பார்த்தது. வால் தண்ணீரில் உட்கார்ந்தது.

கரையிலிருந்து எவனோ கத்தினான்: "புனுவாண்ணே, நேத்து எத்தனை பன்னி சாப்பிட்டீங்க?"

கரையே வெடித்தது. புனுவா நல்ல ஆகிருதி, நூற்றுப் பதினெட்டு கிலோ. தெயூராவின் கைச் சமையலுக்கு நடமாடும் சாட்சி. அவரே வயிற்றைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணுதாண்டா, ஆனா அது கர்ப்பமா இருந்துச்சு" என்றார். எல்லோரும் இன்னும் சிரித்தார்கள். மருயாவும் சிரித்தாள். வால் எதனால் உட்கார்ந்தது என்று தெரிந்தும் சிரித்தாள். பிற்பாடு ரெசினை ஊற்றியதைக்கூட மன்னித்துக்கொள்ளப் பார்த்தாள். அந்தச் சிரிப்பை அவளால் மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

வாரங்கள் போகப் போகச் சிரிப்பு குறைந்தது. பயிற்சிப் பந்தயங்களில் தோரேயா பின்னுக்கு இழுத்தது. அலை பின்னாலிருந்து வந்தால் மூக்கு அங்கும் இங்கும் அலைந்தது. "பழைய ஓடம் என்னை இத்தனை வருஷம் தாங்குச்சேப்பா" என்றார் புனுவா. "இது ஒடுக்கமான ஓடம் அண்ணே, கனம் தாங்காது" என்றார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவர் மறுத்துப் பேசவில்லை. இளைத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

சொன்னதைச் செய்தார் மனுஷன். ஞாயிற்றுக்கிழமை காபியில் தோய்த்துத் தின்கிற ஃபிரிஃபிரி பலகாரம் கிடையாது. சுட்ட ஈரப்பலா கிடையாது. தேங்காய்ப் பால் கிடையாது. பப்பாளிக் காயும் அவித்த மீனும்தான். காலையில் பள்ளிக்கூட லாரிக்குப் பின்னால் ஓடினார், குழந்தைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கைதட்டின. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொப்பரைக் கிடங்கின் தராசில் ஏறி நிற்பார். அது ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது.

"முதல் தரமா, ரெண்டாம் தரமா?" என்று ஒருவன் கேட்பான்.

"ஈரம் இருக்குடா, இன்னும் ரெண்டு வெயில் காயணும்!" என்பான் இன்னொருவன்.

தராசு முள் வாரா வாரம் இறங்கியது. மருயா ஒவ்வொரு வாரமும் போய் நின்றாள். போகாமலிருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களோ என்ற பயம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அவளுக்கு அது குறுகுறுப்போடு நிற்கவில்லை, சோறு இறங்கவில்லை. அத்தான் இளைத்த அதே வேகத்தில் அவளும் இளைத்தாள், அதை யாரும் கவனிக்கவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பாத நாள் இல்லை. ஒருநாள் தேமானா வீட்டுக்கே போய்விட்டாள். வாசலில் அவள் தலையைக் கண்டதும் அவர் சிரித்துக்கொண்டு எழுந்து வந்தார். "உனக்கு ஆயுசு நூறு மருயா! இப்பத்தான் பக்கத்து ஊர்க்காரங்க வந்துட்டுப் போனாங்க. அவங்க ஓடத்துக்கும் நீதான் அடிக்கணுமாம். சிறகு வேணுமாம், ஆனா நம்ம சிறகு மாதிரி இருக்கக் கூடாதாம்." "யோசிச்சுச் சொல்றேன்" என்றுவிட்டு வந்தாள்.

இன்னொரு நாள் அக்காவிடம் ஆரம்பித்தாள். தெயூரா துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு..."

"அந்த மனுஷன் வயித்துச் சத்தத்துல தூக்கமே இல்லடி எனக்கு" என்றாள் தெயூரா. பிழிந்த சட்டையை முகத்தில் வைத்து அழ ஆரம்பித்துவிட்டாள். "பசிக்குதா பசிக்குதான்னு கேக்குறேன், இல்லைங்குறாரு. இந்த உடம்பு துரோகம் பண்ணிடுச்சு தெயூரான்னு சொல்றாரு. வாழ்க்கையில முதல் தடவையா அந்த ஆள் கண்ணாடி பாக்குறாரு."

"பப்பாளியில கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுக்கா" என்றாள் மருயா. வீட்டுக்கு வந்து தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். நிஜமாகவே அறைந்துகொண்டாள், விரல் பதிந்தது.

அதன்பிறகு அவளுக்குத் தெரிந்த பரிகாரம் மீன்தான். படகிலிருந்து இறங்குகிற மீனில் நல்லதாகப் பார்த்து வாங்கி அத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனாள். புனுவா அவளைச் சீண்டாமல் விடுவாரா?

"என்ன மச்சினிச்சி, என் மேல இவ்வளவு பாசம்? உங்கக்கா கேட்டா வெட்டிப் போடுவா."

"சும்மா சாப்பிடுங்க அத்தான்."

"சாப்பிட்டுத்தான் இந்தக் கதிக்கு வந்தேன். நீயும் சதி பண்றியா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். மருயா மீனை வைத்துவிட்டுத் தெருவில் ஓடாத குறையாக வந்தாள்.

அக்டோபர் ஆரம்பத்தில் தேமானா ஒரு சோதனை வைத்தார். சுக்கான் இருக்கையில் புனுவாவுக்குப் பதில் ஹெய்ஃபாராவை உட்கார வைத்தார். நோஞ்சான் என்று சொல்ல முடியாது, எழுபது கிலோ இருப்பான், இருபத்துநாலு வயசு, நல்ல துடுப்புக்காரன். தோரேயா தட்டையாக மிதந்தது. காயலைக் கிழித்துக்கொண்டு பறந்தது. கரையில் யாரும் கைதட்டவில்லை, எல்லோரும் புனுவாவையே பார்த்தார்கள். அவர் முழங்கால் தண்ணீரில் நின்றபடி, "நல்லா போடுறான்" என்று மட்டும் சொன்னார்.

இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று மருயா முடிவு செய்தாள். சனிக்கிழமை சாயங்காலம் கோயில் கூடத்தில் குழுவுக்கு விருந்து. அங்கே எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்பது, ஊற்றினேன் என்று சொல்வது. வெனிலாக் கொடிகளுக்கு நடுவே நின்று அதையே சொல்லிச் சொல்லிப் பழகினாள். விருந்தில் குழியில் வெந்த பன்றி, கிழங்கு, தேங்காய்ப் பாலில் ஊறிய பச்சை மீன் எல்லாம் இருந்தது. அவள் தட்டைத் தொடவில்லை. ஜெபம் முடியட்டும் என்று காத்திருந்தாள். ஜெபம் முடிந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

அதற்குள் புனுவா எழுந்துவிட்டார்.

கையில் அவருடைய சுக்கான் துடுப்பு. சட்டை அவர் மேல் தொங்கியது. "நான் பேச்சாளி இல்ல" என்று ஆரம்பித்தார். "இருபது வருஷமா உங்க முதுகுகளைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். யாரு சோம்பேறி, யாரு தோள்வலியை மறைக்கிறான், எல்லாம் எனக்குத் தெரியும். முதுகு பொய் சொல்லாது. என் முதுகை மட்டும்தான் நான் பாத்ததில்ல. இப்ப அது கனத்துப் போச்சுன்னு ஓடம் சொல்லுது. ஓடத்துக்கு என் மேல கோபம் இல்லயே, அது சொன்னா சரியாத்தான் இருக்கும்." பிறகு ஹெய்ஃபாராவைக் கூப்பிட்டு, தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி, துடுப்பை அவன் கையில் கொடுத்தார். "தம்பி, பவளத்திட்டு வாசல் தாண்டும்போது இடது பக்கம் ஒரு நீரோட்டம் இருக்கு. அதைத் திட்டாத, தடவிக் குடு. அது சொன்ன பேச்சு கேக்கும்."

ஹெய்ஃபாரா வாய்விட்டு அழுதான். பாட்டு எழும்பியது, கூடமே நின்று பாடியது. ஆண்பிள்ளைகள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மருயா பின்னால் தள்ளிய நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தாள். இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சாக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் சொல்லியிருக்க வேண்டும், அழுகையை நிறுத்தி, பாட்டை நிறுத்தி, துடுப்பு கை மாறுவதற்கு முன்னால். அது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன் அத்தான் வீட்டுக்குப் போனாள். புனுவா மேஜையில் உட்கார்ந்து ஃபிரிஃபிரியைக் காபியில் தோய்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு முதல் ஃபிரிஃபிரி.

"வா மச்சினிச்சி. இனிமே எனக்குத் தடையில்ல. உக்காரு, உங்கக்கா சூடா போட்டுக்கிட்டிருக்கா."

அவள் உட்காரவில்லை. "வால்ல நான் ரெசின் ஊத்திட்டேன் அத்தான். ஓட்டை போட்டுட்டேன், அதை அடைக்க ஊத்தினேன். உங்க கனம் இல்ல அது. நான் ஊத்தினது."

தெயூரா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். புனுவா காபியையே பார்த்தார்.

"எவ்வளவு?"

"ஒரு வாளி."

"ஒரு வாளி..." என்றார். ஃபிரிஃபிரி காபிக்குள் ஊறி உடைந்து விழுந்தது. "நான் தராசுல ஏறினப்பல்லாம் நீ அங்க இருந்தல்ல?"

"இருந்தேன்."

"சிரிச்சியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "சிரிச்சேன் அத்தான்" என்றாள்.

தெயூரா கத்தினாள். "அடிப் பாவி! உலகத்துல உள்ளவங்க குறையெல்லாம் பேசுவியேடி, இதைப் பேச உன் வாயில என்னடி வெச்சிருந்த, கொழுக்கட்டையா? பட்டினி போட்டுட்டேனேடி என் புருஷனை! நானே பப்பாளி வெட்டிக் குடுத்தேனேடி!" கரண்டி பறந்து வந்து மருயாவின் தோளில் பட்டது. எண்ணெய்ச் சூடு. மருயா நகரவில்லை. இன்னும் இரண்டு விழுந்தால் நன்றாயிருக்கும் என்று நின்றாள். புனுவா எழுந்து தொப்பியை எடுத்து, "கோயிலுக்கு நேரமாச்சு தெயூரா" என்றார்.

ஊர் என்ன செய்தது தெரியுமா? சிரித்தது. தேமானாவிடமும் குழுவிடமும் அவள் அழுதழுது சொன்னபோது முதலில் திகைத்தார்கள், அப்புறம் ஒருவன் மூக்கால் சிரித்தான், அவ்வளவுதான், தரையில் உருண்டார்கள். வாலை அறுத்தபோது பன்றிக்குட்டி அளவில் மஞ்சள் கட்டி ஒன்று உள்ளே இருந்தது. அதைத் தூக்கிக் கொப்பரைத் தராசில் போட்டு, "இருபத்து மூணு கிலோ, முதல் தரம்!" என்று கத்தினார்கள். அவளைப் பற்றி ஒரு பாட்டே கட்டிவிட்டார்கள். பட்டறையிலிருந்து அதே அச்சில் புது வால் வந்தது, அவளையே ஒட்டி அடிக்கச் சொன்னார்கள். இந்த முறை மெழுகைக் கழுவினாள், கையாலேயே தேய்த்தாள், இறகு இறகாக மெலிசாக அடித்தாள். அத்தனை சுலபமாக ஊர் மன்னித்துவிட்டது. அவளுக்கு அது ஒட்டவில்லை. மன்னிக்க வேண்டியவர் சிரிக்கவில்லையே.

ஹெய்ஃபாரா துடுப்பை எடுத்துக்கொண்டு புனுவா வீட்டு வாசலுக்கு வந்தான். பின்னாலேயே தேமானாவும் வந்தார். மருயா தள்ளி, வேலியோரம் நின்றாள்.

"அண்ணே, இது உங்களுது. புடிங்க."

புனுவா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஜெபம் பண்ணிக் குடுத்தேன் தம்பி."

"அது தப்புக் கணக்குன்னு தெரிஞ்சு போச்சே புனுவா" என்றார் தேமானா. "பந்தயத்துக்கு இன்னும் நாள் இருக்கு. நல்லா சாப்பிடு, உடம்பு தேறிடும். ஓடமும் தாங்கும்."

"தாங்கும், தெரியும். ஆனா கூட்டத்துல குடுத்ததை வாசல்ல வெச்சு வாங்குறதா? இந்தப் பய அழுதான். நீங்கல்லாம் அழுதீங்க. எல்லாரும் கண்ணீரைத் திருப்பி எடுத்துக்கங்கன்னு சொல்லவா? போங்க. போய்ப் பழகுங்க."

வையோரேயில் கடவுள் பெயரைச் சொல்லிக் கொடுத்த துடுப்பை யாரும் திரும்ப வாங்கியதில்லை. தேமானாவுக்கும் அது தெரியும். அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

புனுவா மருயாவிடம் கோபித்துக்கொள்ளவில்லை. குடும்பச் சாப்பாட்டில் உப்பை நகர்த்திக் கொடுத்தார், கேட்டால் பதில் சொன்னார். மச்சினிச்சி என்று சீண்டுவதை மட்டும் விட்டுவிட்டு, "மருயா" என்று மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவளுக்கு அதுதான் ஆறாத புண்ணாயிற்று. திட்டினால் திருப்பித் திட்டலாம், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம். மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நவம்பரில் பந்தயம் வந்தது. ஓடங்களுக்குப் பின்னால் போகிற துணைப் படகில், தண்ணீர் கொடுக்கவும் ஆள் மாற்றவும் உதவுவதற்குப் புனுவாவை அழைத்துப் போனார்கள். வழியில் பெயிண்டோ ஒட்டோ விட்டுப்போனால் பார்க்க வேண்டும் என்று மருயாவையும் ஏற்றினார்கள். ஒரே பலகையில் இருவருக்கும் இடம் கிடைத்தது. பவளத்திட்டு வாசலில் நீரோட்டம் இடது பக்கமாக இழுத்தது. ஹெய்ஃபாரா அதோடு சண்டை போடாமல் துடுப்பைச் சாய்த்தான், தோரேயா வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பெருங்கடல் அலை பின்னாலிருந்து ஏறியது. வால் உட்காரவில்லை, மூக்கு அலையவில்லை. சிறகு ஈரத்தில் மின்னியது. படகிலிருந்தவர்கள் எல்லாம் எழுந்து கூச்சல் போட்டார்கள். முன்னால் போன ஓடங்களில் ஒன்றைத் தாண்டியது, பிறகு இன்னொன்றை.

புனுவா எழவில்லை. இரண்டு கையும் முழங்காலுக்கு நடுவே, இல்லாத ஒரு துடுப்பைப் பிடித்த மாதிரி இருந்தன. ஒவ்வொரு அலைக்கும் அவர் மணிக்கட்டு கொஞ்சம் திரும்பியது. மருயா அதைப் பார்க்கக் கூடாதென்று நினைத்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லா ஓடுது" என்றார், ஓடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமா அத்தான்."

"நான் இருந்திருந்தா இதைவிட நேரா ஓடியிருக்கும்."

அவர் குத்திக்காட்டவில்லை, பெருமையும் அடித்துக்கொள்ளவில்லை. உள்ளதைச் சொன்னார். மருயாவுக்கும் அது தெரியும், அந்தக் கடலில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"ஆமா அத்தான்" என்றாள் அவள்.